வியாழக்கிழமை விருந்தாளி

நூலகத்தின் பின்னறையில் வியாழன்தோறும் கூடும் வாசகர் வட்டத்தில் நான்கு பேர். மேசையின் தலைப்பக்கம் எய்விண்ட், அவருக்கு வலப்புறம் குன்வோர், எதிரே சிக்ரூன், கதவோரம் ஓட்ரூன்.

ஈஸ்டர் விடுமுறையில் கொலைக்கதை படிப்பது அந்த நாட்டு வழக்கம்; அதற்கென்று எய்விண்ட் ஒரு பழைய கொலை நாவலைக் கண்டுபிடித்திருந்தார். நாற்பது வருடமாக யாரும் சீண்டாத புத்தகம். எழுதியவர் ஹால்வார் நெஸ்.

"அந்த விதவையைக் கொன்னவன் ஒருத்தனுக்குத்தான் அவ பேரே தெரிஞ்சிருக்கு! பக்கத்து வீட்டுக்காரங்கல்லாம் மனுஷங்களா?" குன்வோர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எழுதினவரை நேர்ல பாக்கணும்," என்றாள் சிக்ரூன்.

"இன்னும் உயிரோடதான் இருக்காராம். பதிப்பகத்துல விலாசம் தரமாட்டாங்க. அவங்களுக்குக் கடுதாசி போட்டா அவருக்கு அனுப்பி வைப்பாங்களாம்." எய்விண்ட் கதவுப்பக்கம் திரும்பினார். "ஓட்ரூன், உங்க கையெழுத்து அழகு. அடுத்த வியாழக்கிழமை வரச்சொல்லி எழுதிடுங்களேன்."

"எழுதிடறேன்."

"அப்புறம்... நாற்காலி நாலுதான். நீங்க பேசறதும் இல்ல. அன்னிக்கு மட்டும் நீங்க வராம இருந்தா..."

வாரத்தில் ஓட்ரூன் மனித முகம் பார்ப்பதே வியாழனன்றுதான். இருந்தும் தலையாட்டினாள்.

வீட்டில், "மதிப்புக்குரிய ஹால்வார் நெஸ் அவர்களுக்கு" என்று தொடங்கி, நாள், நேரம், காபி உண்டு என்பது வரை ஒழுங்காக எழுதினாள். உறையில் பதிப்பகத்தின் விலாசத்தை எழுதப் போனவள் நிறுத்திக்கொண்டாள். கொலைக்கதைக்குப் பெண் பெயர் எடுபடாதென்று அவளுக்கு அந்த ஆண் பெயரைச் சூட்டியவர்களே அவர்கள்தான். கடிதத்தை எப்படியும் இங்கேதான் அனுப்புவார்கள். அவர்களுக்கு எதற்கு வீண் வேலை?

அழைப்பு கைக்கு வராமல் அங்கே போய் நிற்பதும் மரியாதையில்லை. தன் விலாசத்தையே எழுதி, உறையை ஒட்டி, தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டாள்.