சந்தேக சார்

"யாராவது சொல்லுங்களேன், இதுல எழுதறது எப்படி? எதைத் தட்டினாலும் 'பீப் பீப்'னு கத்துதே!"

எதிர் மேஜையிலிருந்து வந்த குரலைக் கேட்டு அறையே சிரித்தது.

கேட்டவர் சின்னப் பையன் இல்லை. ஐம்பதைத் தாண்டியவர். வேறு கிளையிலிருந்து மாற்றலாகி வந்திருக்கும் சீனியர்.

"முதல்ல 'ஐ' அடிங்க சார். அப்புறம்தான் எழுத்து விழும்" என்றாள் ஜன்னலோரப் பெண்.

மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். "இவ்வளவு சம்பளம் வாங்குற ஆளுக்கு அனா ஆவன்னாவிலிருந்து ஆரம்பிக்கணுமா? யாராவது சொல்லிக் குடுத்துத் தொலைங்கப்பா!"

மறுபடியும் சிரிப்பு. அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்த, புதிதாக வேலைக்குச் சேர்ந்த அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, யாரும் பார்க்காமல், தன் கீபோர்டில் 'ஐ'யை அழுத்தினாள்.

எழுத்து விழுந்தது. அப்பாடா!

பிள்ளைகள், மாமனார் வைத்தியம் என்று பத்து வருஷம் வீட்டோடு இருந்துவிட்டு, மறுபடி வேலைக்கு வந்தவள் அவள். முன்பு வேலை பார்த்த இடத்தில் எல்லாவற்றுக்கும் மவுஸ் இருந்தது. இங்கே சர்வர் எங்கோ இருக்கிறது. அதிலுள்ள ஃபைலைத் திருத்த வேண்டுமானால் ஒரு கறுப்புத் திரை, ஒரு கீபோர்டு, அவ்வளவுதான். மவுஸை எவ்வளவு உருட்டினாலும் அது கண்டுகொள்ளாது.

முதல் நாள் எதையோ அழுத்தப்போய் நாலு வரி காணாமல் போனது. வெளியே வரவும் வழி தெரியவில்லை. தன் பிள்ளைகளைவிடக் கொஞ்சமே பெரியவர்களாக இருந்த அந்தக் கூட்டத்திடம் கேட்க நாக்கு எழவில்லை. 'இதுகூடத் தெரியாதா?' என்று ஒருத்தர் கேட்டுவிட்டால் போதும், வேலை நிரந்தரமாகுமா என்பதே சந்தேகம்.

மேஜைக்கு அடியில் குனிந்து, கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டாள்.

"கால் பட்டுடுச்சு போல" என்று காற்றிடம் சொல்லிவைத்தாள்.

அன்று ராத்திரி தூக்கமே இல்லை. மறுநாள்தான் புண்ணியவான் அந்த 'பீப் பீப்' கேள்வியைக் கேட்டார்.

அதன்பிறகு அவர் நிறுத்தவே இல்லை.

"வெளியே வர்றது எப்படிம்மா? மாட்டிக்கிட்டேனே!"

"எஸ்கேப் அடிச்சுட்டு, கோலன், க்யூ சார். செஞ்சதெல்லாம் வேண்டாம்னா கூடவே ஒரு ஆச்சரியக்குறி" என்றாள் ஜன்னலோரப் பெண்.

"ஐயையோ, ஒரு வரி போச்சே! திரும்ப வருமா?"

"எஸ்கேப், அப்புறம் 'யூ' சார். நேத்தே சொன்னேனே!"

ஒரே கேள்வியை ரெண்டு தடவை, மூணு தடவை கேட்பார். 'சந்தேக சார்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். மேனேஜர் மட்டும் ஒவ்வொரு முறையும் எழுந்து வந்து, இடுப்பில் கை வைத்து நின்று, பதில் முடியும்வரை கேட்டுவிட்டு, "கலிகாலம்!" என்று போவார்.

ஒரு நாள் சந்தேக சார், "முழு வரியையும் அழிக்கிறது எப்படி?" என்றார்.

ஜன்னலோரப் பெண்ணை முந்திக்கொண்டு, அவளுக்கே தெரியாமல் அவள் வாய் திறந்தது. "'டி'யை ரெண்டு தடவை அடிங்க சார்."

"அடேயப்பா! இனிமே நீங்கதான் மேடம் எனக்கு குரு!"

வீட்டில் போய் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "அந்த மனுஷனுக்கு எவன்தான் வேலை குடுத்தானோ!"

"உன்னைவிட மோசமா ஒரு ஆளா? நல்லா இருக்கட்டும், உனக்குத் துணைக்கு ஆச்சு" என்றான் கணவன்.

மறுநாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். மறந்துவிட்ட கண்ணாடியை எடுக்க அவள் மட்டும் திரும்பி வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

சந்தேக சார் தனியாக உட்கார்ந்திருந்தார். கறுப்புத் திரையில் வரிகள் ஓடின, மறைந்தன, இடம் மாறின. விரல்கள் மழை பெய்வதுபோல் கீபோர்டில் விழுந்துகொண்டிருந்தன. காதில் போன். "பயப்படாதீங்க, சர்வர் ரெண்டு நிமிஷத்துல எழுந்துடும்... நான் பாக்காத ஃபைலா?"

போனை வைத்துவிட்டுத் திரும்பியவர், பால் குடித்த பூனைபோல் விழித்தார்.

"சார்... உங்களுக்கு எல்லாமே தெரியுமா? அப்போ அந்தச் சந்தேகமெல்லாம்?"

அவர் தலையைச் சொறிந்தார். "முதல் நாள் நீங்க மேஜைக்கு அடியில போனதைப் பார்த்துட்டேன் மேடம். நேரா வந்து சொல்லிக் குடுத்தா உங்களுக்குச் சங்கடமா இருக்கும். எனக்கென்ன? நாலு பேர் சிரிச்சா தேய்ஞ்சா போயிடுவேன்?"

அவளுக்கு நேற்று வீட்டில் சிரித்த சிரிப்பு இப்போது சுட்டது.

"நானும் சேர்ந்து சிரிச்சேனே சார்."

"சிரிச்சதுலதானே பயம் போச்சு? விடுங்க."

"இனிமே வேண்டாம் சார். எனக்கு எல்லாம் வந்துடுச்சு. உங்களை அவங்க கேலி பண்றதைக் கேட்டுக்கிட்டு என்னால சும்மா இருக்க முடியாது. இன்னையோட நிறுத்திடுங்க."

"நானும் நிறுத்திடலாம்னுதான் பார்த்தேன் மேடம்" என்றவர், அறையில் வேறு யாரும் இல்லை என்று தெரிந்தும் குரலைத் தாழ்த்தினார். "காலையில மேனேஜர் என்னைத் தனியா கூப்பிட்டு, கதவைச் சாத்திட்டுச் சொன்னார்: 'சார், ஃபைலுக்குள்ள ஒரு வார்த்தையைத் தேடறது எப்படின்னு நாளைக்கு ஒரு தடவை கேட்டுடுங்களேன்... கொஞ்சம் சத்தமா!'"