பூட்டுக்காரர் வாய் திறந்தார்

"உங்க கருவிப் பெட்டியைப் பழைய இரும்புக்காரன்கிட்ட தூக்கிப் போட்டுட்டேன். இனிமே உங்களுக்கு அது எதுக்கு?"

பூட்டு ரிப்பேர்காரரின் மனைவி இதைச் சொன்னது, மறுநாள் தலையைத் திறந்து கட்டி எடுக்கப் போகிற கணவரிடம். அவரைப் பார்க்க வந்திருந்த ஆபரேஷன் தியேட்டர் நர்ஸுக்குப் பகீரென்றது. மனுஷர் முகம் சிவந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இப்படியும் ஒரு பெண்டாட்டியா என்று நர்ஸ் வீட்டுக்குப் போயும் பொருமினாள்.

கேஸ் வேறு லேசுப்பட்டதல்ல. கட்டி, மூளையில் பேச்சுக்கான இடத்தை ஒட்டி உட்கார்ந்திருந்தது. ஆளை விழிக்க வைத்து, பேச விட்டுக்கொண்டேதான் எடுக்க வேண்டும். பேச்சு குழறினால் அந்த இடத்தில் டாக்டர் கை வைக்க மாட்டார். ஆள் பேசவே இல்லையென்றால் பாதிக் கட்டியை உள்ளேயே விட்டுவிட வேண்டியதுதான்.

இவரோ சரியான ஊமைக்கோட்டான். மறுநாள் ஆபரேஷன் தியேட்டரில், படம் காட்டி இது என்னவென்று கேட்டால் ஒரு வார்த்தை, குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் ஒரு "ம்". டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"பெட்டி போன கவலையா சார்?" என்று நர்ஸ் மெதுவாகக் கேட்டு வைத்தாள்.

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. எந்த அரம் எந்த வருஷம் வாங்கியது, அதன் அருமை அவளுக்கு என்ன தெரியும், கல்யாணமான நாளிலிருந்து அவள் பண்ணிய அழும்பு என்னென்ன என்று ஒன்று விடாமல் வந்தது. ஓரிடத்தில் நாக்கு குழற, டாக்டர் சட்டென்று கையை எடுத்து வேறு பக்கமாகப் போனார். இரண்டு மணி நேரத்தில் கட்டி முழுசாக வெளியே வந்துவிட்டது. பூட்டுக்காரர் அப்போதுதான் மச்சினனைத் திட்ட ஆரம்பித்திருந்தார்.

நர்ஸ் வெளியே வந்து, காத்திருந்த மனைவியிடம் நல்ல சேதியைச் சொன்னாள். கையோடு மனசில் இருந்ததையும் கொட்டிவிட்டாள்.

"ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஒருத்தரை இப்படியா நோகடிக்கிறது? ரெண்டு மணி நேரமும் வாய் ஓயாம உங்களைத்தாம்மா திட்டினார்."

"ரெண்டு மணி நேரமுமா?"

அந்த அம்மா பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர்.

"பெட்டி கட்டிலுக்கடியில பத்திரமா இருக்கு சிஸ்டர். பேசலன்னா பாதிதான் எடுக்க முடியும்னு டாக்டர் போன வாரமே சொல்லிட்டார். இந்த மனுஷன் வாய் திறக்கிறது, என்னைத் திட்டறதுக்கு மட்டும்தானே!"