காலை ஏழு மணி ஃபோட்டோ

"முந்நூத்திப் பன்னெண்டு. ஒரு மாசமா ஏறிக்கிட்டேதான் போகுது மாமா. மறைக்காம சொல்லுங்க, வெளியில என்ன சாப்பிடுறீங்க?"

மருமகள் சாஜிதா கேட்டதும் அப்துல் ஹமீது திருதிருவென்று விழித்தார். பேராவூரணியில் தேங்காய் மண்டி வைத்து ஊரையே அதட்டுகிற மனிதர், வீட்டில் ஒரு சின்ன சுகர் மெஷினுக்கு முன்னால் திருடனைப் போல உட்கார்ந்திருந்தார்.

"அல்லாஹ் அறிய ஒண்ணும் சாப்பிடலம்மா."

ஊசி என்றாலே அவருக்கு ஆகாது. யாராவது பார்த்தால் கத்துவார். அதனால் தினமும் காலையில் மனைவி ஆமினாதான் அவரை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். பிறகு மெஷினோடு வெளியே வருவாள். ஏழு மணிக்குச் சாஜிதா அதை ஃபோட்டோ எடுத்து, குவைத்தில் இருக்கும் கணவன் நௌஷாத்துக்கு அனுப்புவாள். நூற்றுப் பத்தைத் தாண்டாமல் இருந்த எண்ணுக்கு இப்போது என்ன கேடு வந்தது?

சர்க்கரை டப்பாவை அவள் பூட்டித்தான் வைத்திருந்தாள். அவருக்கு மறுத்த அல்வாவும் மாம்பழமும் வீணாகக் கூடாதென்று ஆமினாவின் தட்டுக்குத்தான் போயின. சந்தேகம் தீராமல் டீக்கடை செல்லதுரைக்கே போன் போட்டாள்.

"பாய்க்கு நான் சீனியே போடுறதில்லையேம்மா."

மெஷின்தான் பொய் சொல்கிறதோ என்று தன் விரலில் குத்திப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டு. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

அதற்குள் போனில் நௌஷாத் வந்துவிட்டான்.

"அத்தா, நான் வேலையை எழுதிக் குடுத்துட்டு வர்றேன். தஞ்சாவூர்ல உங்களைச் சேர்த்து இன்சுலின் போட வச்சாத்தான் எனக்கு நிம்மதி."

"அவசரப்படாதடா. உன் தங்கச்சி கல்யாணத்துக்கு நாலு மாசந்தான் இருக்கு."

"நாளைக்குக் காலையில பார்ப்பேன். குறையலன்னா டிக்கெட் போட்டுருவேன்."

சாஜிதா தலையில் அடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். ஆமினா ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, அறைக்குள் போய்க் கட்டிலில் சாய்ந்தாள்.

அப்துல் ஹமீது பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினார். அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"என் சுகர் தெரிஞ்சா புள்ள வேலையை விட்டுட்டு வந்துருவான்னு, ஆறு மாசமா உன் விரலைத்தானே குத்திக் காட்டுறோம்," என்றார். "அந்த முந்நூத்திப் பன்னெண்டு எனக்கில்ல ஆமினா, உனக்கு."