ஒன்பது ஆஜர்

அந்தப் படைப்பிரிவில் உயிரோடு திரும்பியவர்கள் பதினைந்து பேர். பதினைந்து பேரும் வாட்ஸ்அப் குழுவில் காலை ஆறு மணிக்குப் பழைய வரிசைப்படி எண் சொல்லி ஆஜர் போடுவார்கள். ஒன்பதாம் எண்காரர் போரிலேயே இறந்துவிட்டதால், எட்டுக்கு அடுத்து பத்துதான்.

அன்று கிரேன் ஓட்டும் எட்டு ஆஜர் போட்டார். பத்திடமிருந்து சத்தமே இல்லை.

"கவுந்தடிச்சுத் தூங்குறான் சோம்பேறி," என்று மூன்று கிண்டலடித்தார்.

அடுத்த செய்தி வந்தது. "ஒன்பது ஆஜர். பத்து குளியலறையில விழுந்து கிடக்கான். உள்ள தாழ்ப்பாள். கடப்பாரையோட போ எட்டு."

யார் என்று கேட்க நேரமில்லை. எட்டு இரண்டு தெரு ஓடி, தனியாக வாழும் பத்தின் கதவுகளை நெம்பினார். மூச்சு இருந்தது.

"அரை மணி தாமதிச்சிருந்தா அவ்வளவுதான்," என்றார் டாக்டர்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் பத்தின் கட்டிலருகே எட்டு தன் ஆஜரைப் போட்டார்.

"டேய், போடுடா."

"பொறுண்ணே, எனக்கு முன்னாடி நிக்கிறவன் போடட்டும்."

பதினைந்து செல்பேசிகளும் காத்திருந்தன.

"ஒன்பது ஆஜர்."

"பத்து ஆஜர்!" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்திக்கொண்டே பத்து எழுதினார்.

அன்று ஆஜரானவர்கள் பதினாறு பேர்.