பச்சை விளக்கு எரியும் வீடுகள்

இன்று ஒரு நாளாவது பச்சையாக எரிந்துவிடேன் என்று வசுமதி மனசுக்குள் கெஞ்சினாள். கழிவறைக் குழாயின் மேலிருந்த விளக்கு கேட்கவில்லை. மகன் சேந்தன் எழுந்து போய்விட்டு வந்து மறுபடி படுத்ததுமே அது சிவந்துவிட்டது. கழிவுநீரில் போதைமருந்து கலந்திருந்தால் சிவக்கும்; வார்டு அலுவலகத்துக்கும் தகவல் போய்விடும். உடனே வீட்டுப் பொறுப்பாளர் கருவியில் விரல் வைத்து ஆளைக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

போன வருஷம் அவனைப் போதை மீட்பு மையத்துக்குக் கூட்டிப்போனார்கள். திரும்பி வரும்வரை விளக்கு பச்சையாகத்தான் இருந்தது. வீட்டில் அவள் ஒருத்திதானே. ஒரு தோசையை ஊற்றி எடுத்துக்கொண்டு, அவனுடைய அறைக் கதவைப் பார்த்தபடியே தின்பாள். இந்த மாடியில் பச்சை எரிகிற வீடுகள் எல்லாம் பிள்ளைகளைக் கூட்டிப்போன வீடுகள்தான்.

கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தாள். வார்டு மேற்பார்வையாளர் பெனிட்டா கருவியை நீட்டினாள்.

“விரல வைங்கக்கா. சுத்தமாக்கி அனுப்பிடுவாங்க.”

“போன தடவையும் சுத்தமாக்கித்தான் அனுப்புனாங்க. இப்ப போடுறது அங்க உள்ள பழகிட்டு வந்தது.”

“அதுக்கு நான் என்னக்கா பண்றது? சட்டம்.”

“கீழ மாடிப்படியிலயே விக்கிறானுங்களே, அங்க ஒரு லைட்டு மாட்டக் கூடாதா?”

“மாட்டினோமே. மறுநாளே அதையும் கழட்டி வித்துட்டானுங்க.”

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் பெனிட்டா நீட்டிய கையை இழுத்துக்கொள்ளவில்லை.

“வைக்கலேன்னா தண்ணிய நிறுத்திடுவாங்கக்கா.”

உள்ளேயிருந்து சேந்தனின் குறட்டை கேட்டது. வசுமதி தன் கையை முந்தானைக்குள் மடித்துக்கொண்டாள்.

“மெதுவாப் பேசு பெனிட்டா,” என்றாள். “புள்ள தூங்குறான்.”