மூன்று சொட்டு

எண்ணெய்க் கிண்ணத்தைக் கொல்லையில் போட்டிருந்த பலகைக்குப் பக்கத்தில் வைத்தாள். ஓமமும் மிளகும் போட்டுக் காய்ச்சியது. இன்னும் கை பொறுக்கும் சூடு.

"உட்காருங்க."

அவர் உட்காரவில்லை. பையைத் திறந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். சிவப்பு வெல்வெட்.

உள்ளே வைரத்தோடு.

"ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருந்தியே."

அவள் கேட்டதில்லை.

யோசித்துப் பார்த்தாள். ஒருநாளும் கேட்டதில்லை.

பெட்டியை வாங்கி உள்ளே சாமி மாடத்தில் வைத்தாள். புதுத்துணிகளுக்கெல்லாம் மஞ்சள் தடவியாயிற்று. இதற்கும் தடவ வேண்டும். குளித்துவிட்டு வந்து தடவிக்கொள்ளலாம்.

"உட்காருங்க. வெந்நீர் ஆறுது."

"மணி ஏழாச்சு. சும்மா ரெண்டு சொம்பு ஊத்திக்கிட்டு வந்துடறேனே."

"வருஷத்துக்கு ஒரு நாள்."

உட்கார்ந்தார்.

வழக்கமாகத் தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலமே வந்துவிடுவார். இந்த வருஷம் திருச்சியில் இரவு வேலை என்றார். விடியுமுன் பஸ் ஏறினேன் என்றார். பெண்ணைக் குளிக்கச் சொல்லிவிட்டு, தான் மட்டும் குளிக்காமல் காத்திருந்தாள். அவருக்கு இவள் எண்ணெய் வைக்க வேண்டும். பிறகு இவள் உச்சியில் அவர் மூன்று சொட்டு வைக்க வேண்டும்.

அந்த வழக்கத்துக்குப் பத்தொன்பது வயது.

கல்யாணமான வருஷம் அவருடைய அம்மா இறந்துபோனார்கள். துக்க வருஷம் கழிந்து தீபாவளி வந்தது. இனிமேல் என் தலையில் எண்ணெய் வைக்க யார் இருக்கிறார்கள் என்று இதே பலகையில் உட்கார்ந்து அழுதார். நான் இருக்கிறேன் என்றாள். வேற யார் கையும் என் தலையில படக்கூடாது என்றார். சின்னப் பிள்ளை மாதிரி சத்தியம் வாங்கிக்கொண்டார், சத்தியமும் செய்தார்.

அவர் திருச்சிக்கு மாற்றலாகிப் போன இந்த நான்கு வருஷத்தில் ஊர் ஏதேதோ சொன்னது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தீபாவளிக்கு வந்து பலகையில் உட்காருகிறாரே. அது போதும்.

விரலால் எண்ணெயைத் தொட்டுத் தரையில் ஏழு பொட்டு வைத்தாள். ஏழு சிரஞ்சீவிகளுக்கு. அவர்களைப்போல இவரும் நீண்ட நாள் இருக்க வேண்டும்.

பிறகு உள்ளங்கை நிறைய எடுத்து அவர் உச்சியில் வைத்தாள்.

எண்ணெய் இறங்கவில்லை.

வழிந்து நெற்றிக்கு வந்தது.

விரலை முடிக்குள் விட்டாள். வேர் ஈரமாக இருந்தது. சீயக்காய் வாசனை. அதற்கடியில் நல்லெண்ணெய் வாசனை.

இடது காதுமடலை மெல்லத் திருப்பினாள். அங்கே சீயக்காய்த் தூள் காய்ந்து ஒட்டியிருந்தது. அவருக்கு அந்த இடத்தில் தேய்க்கத் தெரியாது. அவள்தான் ஒவ்வொரு வருஷமும் தேய்த்துவிடுவாள்.

இதைத் தேய்த்தது வேறொரு கை. அதற்கு அந்த இடம் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு வேதாசலம் மதிலுக்கு மேலே தலையை நீட்டினார்.

"என்ன சார், எப்ப வந்தீங்க? கங்கா ஸ்நானம் ஆச்சா?"

"ஆச்சு சார்."

வாய் தவறி வந்துவிட்டது.

வேதாசலம் சிரித்தார். "நல்லா இருக்கே! அம்மா கையில எண்ணெயோட நிக்கறாங்க, அதுக்குள்ள ஆச்சுங்கறீங்க. இன்னும் தூக்கம் தெளியல போலிருக்கு!"

தலை மதிலுக்கு அந்தப் பக்கம் இறங்கியது.

எங்கோ ஒரு சரம் வெடித்து ஓய்ந்தது.

அவர் தரையிலிருந்த ஏழு பொட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஊரிலும் ஒரு வீடு. மூன்று மணிக்கு ஒருத்தி எழுந்திருக்கிறாள். அடுப்பு மூட்டியிருக்கிறாள். பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று இவர் அவசரப்படுத்தியிருப்பார். தலையை முழுக்க அலசக்கூட அவளை விடவில்லை.

கடவுளே, என்றாள் மனதுக்குள். வேறொன்றும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை.

வாசலிலிருந்து பெண் கத்தினாள். "அப்பா, சீக்கிரம் வாங்க! தெருவுல எல்லார் வாசல்லயும் வெடிக் குப்பை. நம்ம வாசல்தான் பெருக்கி விட்ட மாதிரி இருக்கு. மானம் போகுது!"

வெந்நீரை விளாவினாள். ஒரு சொம்பு எடுத்தாள்.

"கண்ணை மூடிக்குங்க."

ஒவ்வொரு வருஷமும் சொல்வதுதான். மூடிக்கொண்டார். காதுமடலின் பின்னால் கட்டைவிரலால் தேய்த்தாள். அந்தத் தூள் கரைந்து போகும்வரை, வலிக்காமல் தேய்த்தாள். கண்ணில் விழாதபடி நெற்றியில் கையை அணைகட்டித் தண்ணீர் ஊற்றினாள்.

துண்டைக் கொடுத்தாள்.

அவர் துடைத்துக்கொண்டு வந்து கிண்ணத்தை எடுத்தார். விரலால் எண்ணெயைத் தொட்டார். அவள் குனிவதற்காக நின்றார்.

அவள் உள்ளே போனாள். சாமி மாடத்திலிருந்து பெட்டியை எடுத்தாள். அதன் மூலையில் மஞ்சள் தடவினாள். கொண்டுவந்து அவர் கையில் வைத்துவிட்டுக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.

"இதைக் கேட்டவங்ககிட்ட குடுத்துடுங்க. அவங்களுக்கும் தீபாவளிதானே."

பலகையில் உட்கார்ந்தாள்.

"நாயகி, இங்க வா. அம்மாவுக்கு எண்ணெய் வை."

பெண் ஓடிவந்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள்.

"அப்பாதானேம்மா வைப்பாங்க?"

"இந்த வருஷம் நீ வை."

ஒன்று.

இரண்டு.

மூன்று.

காலையிலிருந்து காய்ந்து கிடந்த தலை. எண்ணெய் உடனே இறங்கியது.