நன்றி: ராசாத்தி

"யாரும்மா இந்த ராசாத்தி? உண்மையைச் சொல்லிரு. உனக்கும் நல்லது, உங்க டீச்சருக்கும் நல்லது."

போட்டிக்குழுத் தலைவர் முகுந்தன் விடைத்தாளைத் திருப்பி மேசைமேல் வைத்தார். ஓடக் கணக்குக்குக் கீழே, ஒன்பதாம் வகுப்பு சண்முகசுந்தரியின் குண்டு குண்டு எழுத்தில், 'நன்றி: ராசாத்தி' என்று இருந்தது.

பக்கத்தில் நின்ற விக்டோரியா டீச்சர் தாளை எட்டிப் பார்த்தார். மாதாவே, இது நானே இழுத்துவிட்ட வினையல்லவா!

கல்லிடைக்குறிச்சியில் அவர் நடத்தும் சனிக்கிழமை வகுப்புக்கு இரண்டே சட்டம்தான். பாடப்புத்தகத்தில் இல்லாத முரட்டுக் கணக்கு ஒன்றை வாரம் முழுக்க வைத்து மல்லுக்கட்ட வேண்டும். அதற்கு யார் ஒரு கை கொடுத்திருந்தாலும், விடைக்குக் கீழே அவர்கள் பெயரைப் போட்டு நன்றி சொல்ல வேண்டும். "உதவியை வாங்கிட்டு வாயைத் துடைச்சிட்டுப் போற புத்தி நமக்கு ஆகாது" என்பார் டீச்சர். பிள்ளைகளும் பக்கத்து வீட்டு அண்ணன், பஸ் கண்டக்டர் என்று யார் யார் பெயரையோ எழுதிக்கொண்டு வருவார்கள்.

அந்தப் பழக்கதோஷம்தான் இப்போது பாளையங்கோட்டை வரை கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

மாவட்டக் கணக்குப் போட்டியில் சுந்தரிதான் முதலிடம். முதலாவதாக வரும் பிள்ளைக்குக் கோடை முகாம் உண்டு. பெரிய பெரிய பேராசிரியர்களிடம் ஒரு மாதம் படிக்கலாம், தங்கலும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. ஆனால் விடைத்தாளில் பதிவு எண்ணைத் தவிர எந்தப் பெயரும் இருக்கக் கூடாது. போதாததற்கு, தாள் திருத்தியவர்களில் ராசாத்தி என்று ஒரு டீச்சர் வேறு இருந்து தொலைத்தார்.

"அவங்களுக்கு நீ போட்ட அடையாளமா இது?"

"ஐயோ, இல்ல சார். அந்த டீச்சரை நான் பாத்ததுகூட இல்ல. இது எங்க வீட்டு ராசாத்தி."

"பெரிய படிப்புப் படிச்சவங்களோ?"

"பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்ல சார்."

"அப்ப உனக்கு எப்படிக் கணக்குச் சொல்லித் தர முடியும்?"

"அவ எங்க சொல்லித் தந்தா? நாந்தான் அவளுக்குச் சொல்லுதேன்."

விக்டோரியா டீச்சரால் சும்மா நிற்க முடியவில்லை. "நான்தான் சார் அப்படிச் செய்யச் சொன்னேன். நமக்கு நெசமாவே புரிஞ்சிருச்சான்னு தெரியணும்னா, ஒண்ணுமே தெரியாத ஆளுக்கு அதைச் சொல்லிப் பாக்கணும்னு. பிள்ளை மேல தப்பில்ல சார்."

ராசாத்தி என்ற பெயரை அவரும் சுந்தரியின் நோட்டில் வாராவாரம் பார்த்திருக்கிறார். அத்தையோ சித்தியோ என்று நினைத்துக்கொண்டார்.

"எங்கம்மைக்கு அப்பளம் இடவே நேரம் பத்தாது சார்" என்றாள் சுந்தரி. "தம்பி ரெண்டு வரி கேட்டதும் ஓடிருவான். ராசாத்தி மட்டுந்தான் எங்கயும் போகாமக் கேப்பா. ஓடம் ஆத்தோட போயி, எதுத்துத் திரும்பி வார கணக்குல்லா இது? ரெண்டு வேகத்தையும் கூட்டிப் பாதியாக்குனா சராசரி வந்துரும்னு நெனச்சிட்டு இருந்தேன். வீட்டுல அப்படித்தான் அவகிட்ட சொன்னேன். அவ ஒண்ணும் பேசல. என் மூஞ்சியவே பாத்துட்டு நின்னா. அவ அப்படிப் பாத்தா எனக்குச் சந்தேகம் வந்துரும் சார். எதுத்து வாரப்ப கூட நேரம் பிடிக்கும்லா, அப்ப எப்படிப் பாதி சரியா வரும்னு எனக்கே உறைச்சுது. போட்டியில அதே மாதிரி கணக்கு வந்ததும் அவ நெனப்புதான் வந்துச்சு. நன்றி சொல்லாம எப்படி சார் தாளைக் கொடுக்க?"

முகுந்தன் சாக்பீஸை எடுத்து நீட்டினார். "வேற எண் தாரேன். இப்ப எனக்குச் சொல்லு பாப்போம்."

சுந்தரி கரும்பலகைக்குப் போனாள். "இங்கன பாருங்க சார், பையப் போவோம்" என்று ஆரம்பித்தவள், எதிரில் யார் இருக்கிறார்கள் என்பதையே மறந்துவிட்டாள். ஒரு படியைக்கூட விழுங்காமல், கேட்கிறவர் தலையாட்டும்வரை அடுத்த வரிக்கே போகாமல், அப்படி ஒரு அழகாகச் சொல்லி முடித்தாள்.

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. முகாம் கிடைக்காவிட்டாலும் போகட்டும், இப்படி ஒரு பிள்ளையை என் வகுப்பில் கொண்டுவந்து உட்கார வைத்தாயே, அது போதும் மாதாவே என்று மனதுக்குள் கும்பிட்டார்.

முகுந்தன் யாருக்கோ போன் போட்டு விசாரித்தார். சுந்தரியின் தாளைத் திருத்தியவர் வேறொருவர். அந்த ராசாத்தி டீச்சர் அதைத் தொடவே இல்லை. போனை வைத்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது.

"பேரு எழுதினது தப்புதான். அதுக்கு ரெண்டு மார்க் குறைக்கேன். அப்படியும் நீதான் முதல். முகாமுக்குத் துணிமணி எடுத்து வையி."

"ரொம்ப நன்றி சார்!" பிள்ளையும் டீச்சரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"நன்றியை ராசாத்தியம்மாவுக்குச் சொல்லணும். எங்க வீட்ல நான் வாயைத் திறந்தா டிவி சத்தத்தைக் கூட்டுதாங்க. குறுக்க பேசாமக் கேக்க ஒரு ஆள் கிடைக்கதுன்னா லேசா? பரிசளிப்பு விழாவுக்கு அவங்களையும் கூட்டிட்டு வா. மேடையில நாற்காலி போட்டு உக்கார வச்சு, என் கையால ஒரு பொன்னாடை போத்துதேன்."

சுந்தரி பதறிப்போனாள்.

"ஐயையோ, பொன்னாடை வேண்டாம் சார், தின்னுருவா! ஆட்டுக்கு எதுக்கு அதெல்லாம்? ஒரு கட்டு அகத்திக்கீரை போதும்."